சங்குமுனையின் கறுப்புத் திட்டு

2071 ஆகஸ்ட் 3, 09.25
கரையோரக் கண்காணிப்பு நிலையம், பூமிக்கு மேல் 567 கி.மீ. பணியில் செலின், ஒருத்தி மட்டும். ஒரே இடத்தை இரண்டு முறை ரேடாரில் படமெடுத்து ஒப்பிடுவது என் வேலை. இடையில் தரை அசையாமல் இருந்தால் வெள்ளை, அசைந்திருந்தால் கறுப்பு. கடல் எப்போதும் கறுப்பு. இரண்டும் சந்திக்கும் கோடுதான் கரை. இன்று கரையோரத்தில் பதினோரு பட்டைகளைப் படமெடுத்து முடித்தேன். கோளாறு இல்லை.

ஆகஸ்ட் 5, 09.25
சங்குமுனையில், புதுக் கடல்சுவருக்குப் பின்னால், வீடுகளுக்கு நடுவே கறுப்புத் திட்டு. மழையில் நனைந்த மண்ணும் கறுப்பாகத் தெரியும், ஆனால் அங்கே மழை இல்லை. சுவருக்கு அடியில் நீர் புகுந்து மணலை அரிக்கிறது. நானூறு வீடுகள். மீனவர்களைப் பழைய ஊரிலிருந்து கிளப்பி அங்கே குடிவைத்தது எங்கள் துறைதான், என் வரைபடத்தை நம்பி. இயக்குநர் பார்கவனுக்குத் தெரிவித்தேன். பதில்: "ஈரமா இருக்கும்மா. சுவர் திறப்பு விழா முடியட்டும், பாத்துக்கலாம்."

ஆகஸ்ட் 7, 09.40
திட்டு மூன்று மடங்காகிவிட்டது. துறை வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்தேன். கறுப்பின் மேல் வெள்ளை பூசியிருக்கிறார்கள். கீழே என் கையெழுத்து. என் கையெழுத்து.

11.00
விதியை மீறினேன். படகுகளின் அவசர அலைவரிசையில் நேரடியாகப் பேசினேன். அருளப்பன் என்ற சங்குமுனை மீனவர் கிடைத்தார். சுவர் நிற்காது, எல்லோரையும் உப்பளச் சாலை வழியாக மேட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றேன். பொறுப்பேற்பீர்களா என்று கேட்டார். ஏற்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 8, 07.50
அருளப்பன் குரல். நேற்று மாலையிலிருந்து சனங்கள் உப்பளச் சாலை கேட்டில் நிற்கிறார்களாம். காவலர்கள் பூட்டிவிட்டார்கள். "ஒங்க கையெழுத்துப் போட்ட மேப்பத்தாம்மா காட்டுதாவ. இடம் கெட்டியா இருக்கு, திரும்பிப் போங்கன்னு சொல்லுதாவ."

அந்தப் படம் பொய் என்றேன். பிறகு சொன்னேன்: "கேட்ட ஒடைங்கண்ணே."

09.25
சுவர் இல்லை. வீடுகள் இருந்த இடம் முழுக்கக் கறுப்பு. கடல் எது, ஊர் எது, பிரிக்க முடியவில்லை.

உப்பளச் சாலையும் கறுப்பு. மிதிபட்ட மண். கேட்டைத் தாண்டி, மேட்டின் உச்சிவரை. நடந்திருக்கிறார்கள். எத்தனை பேர் என்று தெரியாது. காலடிகளை எண்ண இந்த ரேடாரால் முடியாது.

13.15
காற்றுச் சுத்திகரிப்பான் நின்றுவிட்டது. தானாக நின்றதா, கீழிருந்து நிறுத்தினார்களா, தெரியவில்லை. மீட்புக் கலம் கேட்டேன். பார்கவன்: "அஞ்சாம் தேதியிலேருந்து எடுத்த படங்களை அழிச்சிரும்மா. அழிச்சதும் கலம் கிளம்பும்."

குரலில் ஒரு பதற்றமும் இல்லை. விடுப்புக் கடிதம் கேட்பதுபோலக் கேட்கிறார்.

15.40
அழிக்கவில்லை. எல்லாப் படங்களையும் திறந்த அலைவரிசையில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறேன். தலை கனக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் மன்னி... இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியது நானல்ல.

இதைக் கண்டெடுப்பவரே, பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பார்கவன். சுவருக்கு ஒப்புதல் தந்தவர். கறுப்பைத் தெரிந்தே வெள்ளை பூசச் சொன்