தண்ணீர் அறைச் சாவி

பிப்ரவரி 9

என் வாயாடித் தங்கச்சிக்கு,

இங்கு நலம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமாகிறது. எங்கள் வார்டில் இருபத்திரண்டு படுக்கை, பெரும்பாலும் எழுந்து நடக்க முடியாதவர்கள். பார்த்துக்கொள்ள நானும் இன்னொருவனும்தான். ராத்திரி சிறுநீரில் விரிப்பு நனையக் கூடாது என்று மாலை நாலு மணிக்கு மேல் யாருக்கும் தண்ணீர் கிடையாது. என்ன அநியாயம் பார்! ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். திருட்டுத்தனமாக ஒரு டம்ளர் கொடுப்பேன். போர்வைக்குள் தலையை விட்டுக் குடித்துவிட்டு, "பரிட்சையில நீ பாஸுப்பா" என்பார். மாட்டினால் வேலை போகும். போனால் போகட்டும்.

உன் அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ திருந்தவே மாட்டாய். திருந்தவும் வேண்டாம். இங்கே அம்மா கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிட்டாள். அதிலிருந்து அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் தையல் கம்பெனிக்குப் போகிறேன். திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். உங்கள் இல்லத்தில் சேர்க்க முடியுமா? நீ பக்கத்தில் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் தங்கை

ஜூன் 20

தங்கச்சிக்கு,

பதில் எழுத நேரமே இல்லை. என்னை வார்டு பொறுப்பாளராக்கிவிட்டார்கள். தண்ணீர் அறைச் சாவி இப்போது என் இடுப்பில். விரிப்பு நனைவது பாதியாகக் குறைந்துவிட்டதென்று மேலாளர் எல்லார் முன்னிலும் பாராட்டினார். நான் மூன்று மணிக்கே நிறுத்திவிடுகிறேன். கூட வேலை பார்த்தவன் ரகசியமாகத் தண்ணீர் கொடுத்தான், வேலையை விட்டே அனுப்பிவிட்டேன். டீச்சருக்குத்தான் வாய் நீளம். தூர நின்று ஆயிரம் பேசலாம். தினமும் இருபத்திரண்டு விரிப்பை அலசிப் பார்த்தால்தான் தெரியும். அம்மாவுக்கு ஜன்னலோரப் படுக்கை சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணன்

ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

அடுத்த மாதம் பிறந்ததும் அம்மாவை அழைத்து வருகிறேன். "பெரியவன் கையால சாப்பிடப் போறேன்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். புது மாத்திரையால் அவளுக்கு நாக்கு வறண்டுபோகிறது. பொழுதுக்கும் தண்ணீர் கேட்பாள். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் போன கடிதம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அலுப்பில் எழுதியிருப்பாய்.

உன் தங்கை

ஜூலை 14

தங்கச்சிக்கு,

அம்மாவை அழைத்து வராதே.

நேற்று மாலை டீச்சர், உடம்பு துடைக்கக் கட்டிலோரம் வைத்திருந்த சோப்புத் தண்ணீரை வாளியிலிருந்து அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. விரிப்பு நனைகிறதே என்று கோபம்தான் வந்தது. அந்தக் கையிலேயே அடித்தேன். "இனிமே கேக்க மாட்டேங்கய்யா" என்றார். அடிக்கச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

இன்று காலை உன் கடிதம் வந்தது. பொழுதுக்கும் தண்ணீர் கேட்பாள் என்று படித்தவுடன், அப்படியானால் ஜன்னலோரம் வேண்டாம், ரப்பர் விரிப்புப் போட்ட படுக்கை போதும் என்றுதான் நினைத்தேன். அது நம் அம்மா என்பது அப்புறம்தான் உறைத்தது. எனக்கே என்னைக் கண்டால் பயமாக இருக்கிறது.

இடமில்லை என்று அம்மாவிடம் சொல். பூட்டிய வீடே மேல்.

இவ்வளவும் எழுதிவிட்டு, சாவியை மேலாளரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாமென்று எழுந்தேன். மணி மூன்றாகிவிட்டது. தண்ணீர் அறையைப் பூட்டிவிட்டு வந்துதான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.

அண்ணன்