ஏழு ஜன்னல்களுக்கு அடியில்

பிப்ரவரி 9

அன்புள்ள வாலு,

நலம். நீ அனுப்பிய கையேடு கிடைத்தது. கூடவே ஆசையாக வெட்டி வைத்த தெர்மோகோல் துண்டும் கிடைத்தது. துண்டாக இல்லை, மணி மணியாக. உறையைப் பிரித்ததும் மேசை, மடி, தலைமுடி எல்லாம் வெள்ளை. ஊதினால் பறக்கிறது, துடைத்தால் கையோடு வருகிறது. மதியச் சாப்பாட்டில் ஒன்று பல்லில் நெறிபட்டது. தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டேன். இதைத்தான் என் படுக்கையறைச் சுவராக்கப் போகிறாயா?

சரி, கையேட்டைப் படித்துச் சொல்லச் சொன்னாய், படித்தேன். தெர்மோகோல் கட்டிகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் கம்பி கட்டி, கான்கிரீட்டை ஊற்றிவிட்டு, அச்சைப் பிரிக்காமலே விட்டுவிட வேண்டுமாம். வெயில் வராது, குளிர் வராது, சத்தம் வராது. எனக்கு ஒன்றுதான் பிடிக்கவில்லை. பலகை அச்சென்றால் மறுநாள் பிரித்துப் பார்க்கலாம், ஓட்டை உடைசல் தெரியும். இதில் உள்ளே என்ன நடந்ததென்று ஒருநாளும் தெரியாது. நான் நர்ஸ். காயத்துக்குப் போட்ட கட்டை அவிழ்த்தே பார்க்காத ஆஸ்பத்திரியில் நான் வேலை செய்ததில்லை.

பதினான்காம் பக்கத்தைச் சிவப்பு மையில் கோடிட்டு எழுதுகிறேன். ஜன்னல் சட்டத்தின் அடிப்பலகையை முழுசாக மூடக்கூடாது. கை நுழையும் அளவுக்கு வாய் விட்டு, அதன் வழியாகவும் கான்கிரீட் ஊற்றி, அதைக் குலுக்கி இறக்கும் வைப்ரேட்டர் விட வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னலுக்கு அடியில் பொந்து விழும். மேலே தெர்மோகோல் மூடியிருப்பதால் யாருக்கும் தெரியாது. ஏழு ஜன்னலுக்கும் இதைச் செய்.

டிசம்பரில் ஓய்வு. இருபத்தாறு வருஷமாக விடுதி அறையில் அடுத்தவள் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். கீழே நீயும் உன் வீட்டுக்காரியும், மாடியில் நான். அதற்காகத்தான் இவ்வளவு பேச்சு.

போனில் கேட்டால் நீ மழுப்புவாய். பதிலைத் தாளில் எழுது.

உன்
ஊசி அக்கா


மார்ச் 3

அன்புள்ள ஊசி அக்காவுக்கு,

வாலு எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். சிறு வயதில் என்னைத் துரத்தித் துரத்தி ஊசி போட்ட கை, இப்போது சிவப்பு மையால் போடுகிறது. வலிக்கவில்லை, பழகிவிட்டது.

சுவர் முழுக்க ஒரே நாளில் ஊற்றி முடித்தாயிற்று. பார்க்கத் தெருவே கூடிவிட்டது. வடக்கு மூலையில் மட்டும் கட்டி பிதுங்கி, கான்கிரீட் பொலபொலவென்று வெளியே வந்தது. மேஸ்திரி பயந்துபோய், "அண்ணே, வைப்ரேட்டர் விட்டா தெர்மோகோல் தாங்காதுண்ணே, நிறுத்திடலாம்"னு கத்தினான். பலகை வைத்து முட்டுக் கொடுத்து ஐந்தே நிமிஷத்தில் அடக்கிவிட்டோம். அப்புறம் ஒரு சிக்கலும் இல்லை.

நீ எழுதியபடிதான் எல்லாம் செய்தேன். ஆனால் அக்கா, இருபது வருஷமாகக் கான்கிரீட் போடுகிறவனுக்குக் கையேடு தேவையில்லை. கை சொல்லும். ஊற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்த போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்து மகிழ்.

அன்புத் தம்பி
வாலு


மார்ச் 21

வாலு,

போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மகிழவில்லை.

மூன்று ஜன்னல் தெரிகிறது. மூன்றிலும் அடிப்பலகை முழுசாக மூடி, வரிசையாக ஆணி அடித்து, அழகாக இருக்கிறது. வாய் எங்கே? "எழுதியபடிதான் செய்தேன்" என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா?

இன்னொன்றும் பார்த்தேன். ஓர் ஆள் சுவர் மேல் உட்கார்ந்து டீ குடித்த கப்பை உள்ளே போடுகிறான். இரண்டு கட்டிகளுக்கு நடுவே, கம்பிக்குள், பளபளவென்று பாக்குப் பொட்டலம் கிடக்கிறது. பச்சை நிறம். அது நீ போடுகிற பாக்கு. பக்கத்தில் வழிந்திருக்கும் சிவப்பு என்னவென்று எனக்குத் தெரியும். நாற்பது பேர் எச்சில் கிண்ணத்தை ஒரே நாளில் கழுவியவள் நான், அப்போதுகூட எனக்குக் குமட்டியதில்லை. இதைப் பார்த்ததும் குமட்டியது. நாளைக்கு என் தலைமாட்டில் நிற்கப்போகிற சுவர் அது.

ஒரே வேலைதான் சொல்கிறேன். ஏழு ஜன்னலுக்கு அடியிலும் உள்பக்கத் தெர்மோகோலை ஒரு முழ அகலத்துக்கு அறுத்துப் பார். பொந்து இருந்தால் கான்கிரீட் வைத்து அடைத்துவிட்டு மூடு. தெர்மோகோலை மறைக்கும் மேல்பூச்சுப் பலகை அடிப்பதற்கு முன்னால் செய்.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். கப்பு, பொட்டலம் எல்லாம் எந்த வேலையிலும் விழுவதுதான். அதற்காகச் சுவர் சாய்ந்துவிடாது.

அறுக்கச் சொல்கிறாய். சங்கதி தெரியாமல் சொல்கிறாய். இந்த ஊரில் இப்படிக் கட்டிய முதல் வீடு நம்முடையது. பதினொரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. எங்களுக்கும் இதேபோல் கட்டிக் கொடு என்கிறார்கள். வீடு சுற்றிக் காட்ட ஒரு பெண்ணை வேலைக்கே வைத்துவிட்டேன். இந்த நேரத்தில் சொந்தச் சுவரையே அறுத்துக்கொண்டு நின்றால் எவன் வருவான்? சொந்த அக்காவே நம்பாதவனை ஊர் எப்படி நம்பும்?

உன் அறை ஜன்னலுக்கு என்ன திரை போட வேண்டும் என்று எழுது. என் வீட்டுக்காரி கேட்கச் சொன்னாள்.

வாலு


மே 15

வாலு,

திரை வேண்டாம். அறு.

பதினொரு குடும்பம் என்று நீ பெருமையாக எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இதுவரை என் ஒருத்தி தலைவிதி என்று நினைத்திருந்தேன்.

அறுக்காத வீட்டுக்குள் நான் காலடி வைக்க மாட்டேன். விடுதியிலேயே கிடந்து சாவேன்.

அக்கா


ஜூன் 20

அன்பான அக்காவுக்கு,

உன் பிடிவாதம் ஜெயித்தது. ஏழு ஜன்னலுக்கு அடியிலும் அறுத்துப் பார்த்தேன். நானே, என் கையால். ஏழிலும் கான்கிரீட் பாறை மாதிரி இறங்கி நிற்கிறது. உளி பட்டால் பொறி பறக்கிறது. பிறகு பசை வைத்து ஒட்டிவிட்டேன். உன்மேல் சத்தியம்.

இனியாவது நிம்மதியாகப் பெட்டியைக் கட்டு. திரைக்கு நீலம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

என்றும் உன்
வாலு


ஜூலை 30

தம்பிக்கு,

ஜூன் 20 தேதியிட்ட உன் கடிதம் வந்த அன்று அழுதேன். கனிவாகப் பேசத் தெரியாத என் வாயை நானே திட்டிக்கொண்டேன். பெற்ற பிள்ளைபோல் நான் வளர்த்தவனைப் பொய்யன் என்று நினைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. உன்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்கத்தான் ஒரு வாரம் விடுப்புப் போட்டேன். சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று ஆசை.

வந்தேன். போன வாரம் வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு, பெட்டியோடு நேராக நம் வீட்டுக்கு. நீ இல்லை. வீடு காட்டுகிற பெண் என்னையும் வீடு பார்க்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டாள். நல்ல பெண், தண்ணீர் கொடுத்தாள். பிறகு தன் பாடத்தை ஒப்பித்தாள். "உள்ள எல்லாம் பாறை மாதிரி மேடம். ஜன்னலுக்கு அடியில பொந்து விழும்னு சிலர் சொல்லுவாங்க. எங்க சார் ஏழு ஜன்னலையும் அறுத்தே பாத்துட்டாரு. அவங்க அக்காவுக்காகவே பாத்தாரு."

என் பயத்தை நீ விளம்பரமாக்கிவிட்டாய்.

அடுத்த குடும்பத்தை அழைத்துவர அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். ஒன்றரை மணி நேரம் நான் தனியாக இருந்தேன். உள்பக்கம் இன்னும் பலகை அடிக்காமல் வெறும் தெர்மோகோலாக இருந்தது. கட்டிகளின் மேல் கம்பெனிக்காரன் அச்சடித்த அளவுக் கோடு, ஒவ்வொரு ஜன்னலுக்கு அடியிலும், ஓர் இடத்திலும் அறுபடாமல் ஓடுகிறது. ஒட்டிய தடம் ஒன்றுகூட இல்லை.

கைப்பையில் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி இருந்தது. தெர்மோகோலின் கனம் இரண்டரை அங்குலம், அதைத் தாண்டியதும் ஊசி கான்கிரீட்டில் தட்டி நிற்க வேண்டும். முதல் ஜன்னலுக்கு அடியில் குத்தினேன். குமிழ் வரைக்கும் உள்ளே போனது. இழுத்ததும் நுனியில் எறும்பு முட்டை, பிசுபிசுவென்று. சுவரைவிட எனக்கு உன்னைத்தான் அருவருப்பாக இருந்தது. இப்படி எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை.

பிறகு கட்டு வெட்டுகிற கத்தரிக்கோலால் ஏழு ஜன்னலுக்கு அடியிலும் ஒரே மாதிரி விரல் நுழையும் ஓட்டை போட்டேன். எத்தனையில் ஊசி நின்றது, எத்தனையில் போனது என்று சொல்ல மாட்டேன். உன் ஜூன் 20 கடிதத்தைச் சுருட்டி, ஒரு பொந்துக்குள் போட்டேன். விழுகிற சத்தம் கேட்டது. ஏழு ஓட்டையையும் தோண்டிய தூளை வைத்தே அடைத்தேன். மூடி மறைக்க எனக்கும் வருகிறது பார்.

எந்த ஜன்னல் என்று வெளியிலிருந்து தெரியாது. அறுத்தால்தான் கிடைக்கும். அந்தக் கடிதம் என் கைக்குத் திரும்பி வரட்டும், அதற்குப் பிறகு பேசலாம். வராவிட்டால் இதுவே நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

அந்தப் பெண் வருவதற்குள் கிளம்பிவிட்டேன். உன் வீட்டு வாசலிலும் விழுந்திருந்த வெள்ளை மணிகள் என் செருப்பில் ஒட்டிக்கொண்டு விடுதி வரைக்கும் வந்தன.

இப்படிக்கு,
மாடிக்கு வரவிருந்தவள்


செப்டம்பர் 14

அக்கா,

ஒரு மாசம் உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கம்பியை வளைத்து ஓட்டைக்குள் விட்டு, கடிதத்தை மட்டும் தூண்டில் போட்டு எடுத்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

முதல் ஜன்னலை அறுத்ததும் எறும்பு கொட்டியது. பிடிபிடியாக, வெள்ளை முட்டையோடு, என் கை மேல் ஏறியது. உள்ளே கம்பி வெறுமனே நிற்கிறது, துருவேறி. அடியில் என் பாக்குப் பொட்டலம் கிடந்தது. என் எச்சில் காய்ந்து கம்பியில் கறுப்பாக ஒட்டியிருந்தது. வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். இதைத்தான் பாறை என்று உன்மேல் சத்தியம் பண்ணினேன்.

மூன்றாவதை அறுக்கும்போது ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் யாரையும் போகச் சொல்லவில்லை. வந்தவர் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டையும் இப்படித்தான் கட்டியிருப்பீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பதினொரு பேருக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். மேஸ்திரி என்னோடு பேசுவதில்லை.

உன்னை வா என்று எழுத எனக்கு முகமில்லை. நீலத் திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஆறாவது ஜன்னலில் கடிதம் கிடைத்தது. ஓரத்தை எறும்பு தின்றிருக்கிறது, மை பரவியிருக்கிறது. "சத்தியம்" என்ற இடம் மட்டும் நன்றாகத் தெரிகிறது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏழாவதையும் அறுத்தேன். அதுவும் பொந்துதான்.

வாலு