செம்புத் தண்ணீர்

தாடிக்கொம்பில் ஒரு வீட்டுப் பால்காய்ப்பு. தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு செம்புப் பாட்டிலும் கொடுத்தார்கள். "தண்ணி ஊத்தி வச்சுக் குடிங்க, ஈரலுக்கு நல்லது" என்றார் வீட்டுக்காரர். நான் அதைப் பந்தல் நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

சாணார்பட்டி மினிபஸ்ஸில் நீ டிரைவர், நான் கண்டக்டர். ஆறு வருடம். பூக்கூடையோடு ஏறும் அக்காவைக் கேலி பண்ணிக்கொண்டே இருப்பாய், கை தன்பாட்டுக்குக் கியர் மாற்றும். பிறகு அந்தக் கை கியரைத் தேட ஆரம்பித்தது. பேச்சு குழறியது, கடைவாயில் எச்சில் வழிந்தது. இறங்கி நடந்தால் தள்ளாடினாய். பயணிகள் குடிகாரன் என்றார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வாடை வந்ததில்லண்ணே. ஆனா குடிச்சவன் மாதிரிதான் இருக்கான்."

முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாவி, நிறுத்தவில்லை. மறுநாள் வண்டிக்கு வேறு டிரைவர் வந்தான்.

அந்த உறுத்தலில்தான் உனக்குச் செம்புச் சொம்பு வாங்கி வந்தேன். சின்ன வயதில் உனக்கு மஞ்சள்காமாலை வந்ததாக உன் அம்மா சொல்லியிருந்தார். செம்புத் தண்ணீர் குடித்தால் ஈரல் தேறும், தள்ளாட்டமும் போகும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். நீயும் ஒரு வருடம் தினமும் குடித்தாய்.

மதுரையில் டாக்டர் உன் கண்ணில் விளக்கடித்து, கருவிழி ஓரத்தில் ஒரு பழுப்பு வளையத்தைக் காட்டினார். அப்புறம் ஸ்கேன் படம். மூளையின் ஆழத்தில் இரண்டு பக்கமும் இருக்கும் அந்த நரம்புக் கொத்துக்குப் பேசல் கேங்லியா என்று பெயராம். வேண்டிய அசைவுக்கு வழிவிட்டு, வேண்டாததைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. பழகிய காரியத்தை யோசிக்காமல் செய்யவைப்பதும் அதுதான். உன் கை தானாகக் கியர் மாற்றியது அதனால்தான்.

"செம்பை வெளியேத்துற சக்தி இவருக்குப் பிறவியிலேயே இல்ல. சாப்பாட்டுல வர்ற செம்பு ஈரல்ல சேந்து, கண்ணுலயும் மூளையிலயும் வந்து படிஞ்சிருக்கு. முன்னாடியே வந்திருந்தா மாத்திரையிலயே நல்லா வச்சிருக்கலாம்" என்றார் டாக்டர். பிறகு கேட்டார்: "செம்புப் பாத்திரத்துல தண்ணி குடிக்கிறாரா?"

நீதான் குழறிக்கொண்டே "ஆமா" என்றாய்.

"அதனால வந்த நோய் இல்ல. ஆனா இனிமே அதுல ஒரு சொட்டுக்கூட வேணாம்."

படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினாய். "அம்மாட்ட... சொல்லிராதலே. ஒன்னையத் திட்டும்." நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அதைக்கூட நீ எனக்குத் தரவில்லை.

மாத்திரை தொடங்கியும் எட்டே மாதம்தான் இருந்தாய். ஈரல் ஒத்துழைக்கவில்லை. துக்க வீட்டில் "குடிச்சே கெடுத்துக்கிட்டான்" என்று முணுமுணுத்தார்கள். மாலையோடு வந்த முதலாளியும் அதையே சொன்னார். "அவன் குடிச்சதே இல்லண்ணே" என்று கத்தினேன். அன்றைக்கு என் பேச்சை நம்பியவர் இதை நம்பவில்லை.

மாதம் ஒரு தடவை உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். சொம்பு உன் படத்துக்கு முன்னால் இருக்கிறது, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று. "செத்த நேரம் ஒக்காரு அப்பு. அவனுக்கு ஆசையா வாங்கிக் குடுத்ததுல்ல, இதுலயே குடி" என்று நிறைய ஊற்றித் தருகிறார்.

ஒரு சொட்டு மீதம் வைக்காமல் குடித்துவிட்டு வருகிறேன்.