வார ஓய்வில் இருந்தவன்

பிப். 24, செவ்வாய்

காலையிலிருந்தே வெயில். பனி துளிகூட இல்லை, காடு முழுக்கச் சருகு. தீயணைப்பு நிலையத்து ஹோஸ் எல்லாம் கழுவிக் காயப்போட்டேன். இரண்டில் ஓட்டை. புதுசு கேட்டு எழுதி எத்தனையோ நாள் ஆச்சு, கேட்பார் இல்லை.

வாட்ச் ரூமில் நான் மட்டும். பதினொன்றே காலுக்குப் போன். வாழவந்திப் பக்கம் புல்சரிவில் தீ, எஸ்டேட்டைப் பார்த்து வருகிறதாம். எங்கள் வண்டியோ கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கப் போயிருந்தது. திரும்பி வந்து, அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். எங்கள் நிலையத்து அருளப்பன் வீடு வாழவந்தி. இன்றைக்கு அவனுக்கு வார ஓய்வு. கூப்பிட்டேன்.

"கண்ணு, ஒரு எட்டு போயிப் பாத்துக்க. வண்டி வந்துரும்."

"சரிங்ணா."

அவ்வளவுதான் பேச்சு. மலையில் இது வழக்கம். எந்தப் பக்கம் தீயோ, அந்தப் பக்கம் வீடு இருக்கிறவனை முதலில் அனுப்புவோம். ஓய்வில் இருப்பவனை அதிகாரி உத்தரவு இல்லாமல் கூப்பிடக் கூடாது. அதனால் குறிப்பேட்டில் ஏற்ற மாட்டோம். நானும் ஏற்றவில்லை.

நாலு மணிக்குச் செய்தி. கைலியும் செருப்புமாகப் போயிருக்கிறான். பச்சைத் தழை ஒடித்து அடித்திருக்கிறான். காற்று திரும்பிவிட்டது. புகையில் பாறை இடுக்கில் விழுந்து, எழுந்திருப்பதற்குள் தீ வந்துவிட்டது. எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனார்களாம்.

பிப். 25

சேலம் போனேன். உள்ளே விடவில்லை. அவன் மனைவி ஸ்டெல்லா வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள், கையில் ஜெபமாலை. காபி பறிக்கப் போகிறவள். "நொம்ப முடியலைங்ணா. தண்ணி தண்ணிங்கறாருங்க." இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறென்ன கிழித்தேன்.

பிப். 27

காலையில் போய்விட்டான்.

பிப். 28, சனி

அடக்கம். மாதா கோயிலில் கூட்டம். சீருடை மரியாதை கிடையாது. பணியில் இறந்தவனுக்கு மட்டும்தானாம். நாங்கள் எட்டுப் பேரும் சீருடை மாட்டிக்கொண்டு சும்மா நின்றோம். பின்னால் எவனோ, "லீவு நாள்ல இவனுக்கு எதுக்குங்க இந்த வேலை?" திரும்பி ஒன்று வைக்கலாம் போல ஆத்திரம். வைப்பதென்றால் என் கன்னத்தில்தான் வைக்க வேண்டும்.

மார்ச் 2

வெயில். பல் வலி வேறு.

ரிப்போர்ட் மேலே போய்விட்டது. "வார ஓய்வில் இருந்தவர். தாமாகவே சென்றவர்." முடிந்தது கதை.

பணியில் இறந்தான் என்றால்: அரசு நிவாரணம், மரியாதை, ஸ்டெல்லாவுக்குக் கருணை வேலையில் முன்னுரிமை.
ஓய்வில் என்றால்: நிவாரணம் இல்லை. வேலைக்கு மனு போட்டுவிட்டு வரிசையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அவன் புது பென்ஷன் ஆள். நான் பழைய பென்ஷன். இரண்டு பேரும் இறங்கியது ஒரே தீயில்தான். வேலைக்குச் சேர்ந்த வருஷம் வேறு, அவ்வளவுதான்.

மார்ச் 4

சங்கத்திலிருந்து படிவம். மாநிலத்தில் எல்லா நிலையமும் நிரப்பி அனுப்ப வேண்டுமாம், எங்கெங்கே என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்று. இந்த எழவு வேலை எப்போதும் என் தலையில்தான்.

இடர்ப்படி: வருகிறது.
மலைப்படி: வருகிறது.
சீருடைப்படி: தாமதம்.
ஓய்வு நாளில் அழைத்தால் ஈடு: இல்லை.
பணியின்போது இறந்தோர்:

'இல்லை' என்று எழுதினேன். அப்புறம் கை ஓடவில்லை.

நிலைய அலுவலரிடம் போய், அவனைக் கூப்பிட்டது நான் என்று சொன்னேன். என்னைவிட இளையவர். கதவைச் சாத்தினார். "ஏனுங்க மாதப்பன், ரிட்டயராக இன்னும் பதினாலு மாசம். சார்ஜ் மெமோ வந்தா பென்ஷன் நின்னு போகுமுங்க. நீங்க ஒண்ணும் சொல்லலை, நான் ஒண்ணும் கேக்கலை. யோசிச்சுக்குங்க."

வீட்டில் கமலாவிடமும் சொன்னேன். "வாயை மூடிக்கிட்டு இருங்க. பென்ஷன் இல்லாட்டி நாம என்னத்தைத் திங்கறது?" கேட்டுவிட்டு அவளே அழுதாள்.

மார்ச் 7, சனி

பல்லுக்கு மாத்திரை வாங்க ஒண்டிக்கடை பஜார் போனேன். ஜெராக்ஸ் கடை வாசலில் ஸ்டெல்லா, கையில் காகிதக் கட்டு. "ஏனுங்ணா, மனு ஒண்ணு எழுதித் தாங்க."

கடைப் பலகைமேல் வைத்து எழுதினேன். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வரி: 'என் கணவர் வார ஓய்வில் இருந்தபோது தாமாகவே.'

"இப்பிடித்தான் எழுதோணுங்களாண்ணா?"

"ஆமா கண்ணு. ரிப்போர்ட்டுல அப்பிடித்தான் இருக்குது."

சரியென்று கையெழுத்துப் போட்டாள். மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தாமாகவே, தாமாகவே என்று மண்டைக்குள் அதே ஓடுகிறது. என் கையால் எழுதினேனே, சீ.

பத்து மணிக்கு வாட்ச் ரூம். குறிப்பேட்டில் இன்றைய தேதி போட்டு எழுதினேன். "24.2 முற்பகல் 11.20க்கு, வார ஓய்வில் இருந்த தீயணைப்பாளர் அருளப்பனைப் போனில் அழைத்து, தீப்பிடித்த இடத்துக்குப் போகச் சொன்னவன் நான். அன்றே பதியத் தவறினேன்." கையெழுத்து. பக்கத்துக்கெல்லாம் எண் உண்டு, இனி கிழிக்க முடியாது. அலுவலர் படித்தார். "என்னங்க, இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க." குறிப்பேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். எனக்குப் பயம்தான். ஆனால் மதியம் இரண்டு கை சோறு இறங்கியது.

சாயங்காலம் வாழவந்தி பஸ். ஸ்டெல்லா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

"அன்னிக்கு அவனைக் கூப்புட்டது நாந்தான் கண்ணு. இன்னிக்கு எழுதிட்டேன்."

"தெரியுமுங்ணா." விறகைக் கீழே வைக்கவில்லை. "சோத்துல கை வெச்சவரு, அண்ணன் கூப்புடறாருன்னு எந்திரிச்சுப் போனாருங்க."

"அப்பறம் ஏன் கண்ணு யாருகிட்டயும் சொல்லலை?"

"நான் சொல்லி, நீங்க இல்லைன்னுட்டா? என்ற பேச்சு அங்க எடுபடுமுங்களா? நீங்களா எழுதுவீங்கன்னுதான் அன்னிக்கு மனுவைக் கொண்டாந்து உங்க கையில குடுத்தேனுங்க. பக்கத்துலயே நின்னேன்."

கடைசிக் கட்டையையும் அடுக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"கடைசி பஸ் போயிருமுங்க, சார்."