கோணல் இலையும் ஒரு திறப்பும்

இன்று காலை என் சாப்பாட்டு மேசையில் ஒரு மாவிலை கிடந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நடு நரம்பு மஞ்சள், ஓரம் கரும்பச்சை, காம்படியில் ஊசியால் குத்திய ஓட்டை. எடுத்து மூக்கருகே பிடித்தேன். களிமண்போலப் பிசையும் பொலிமர் களியில் செய்த இலை அது. சுட்டு எத்தனை காலமானாலும் புதுச் செருப்பின் மணம் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்த மணத்தோடு நீரும் வந்துவிட்டீர், வழக்கம்போலக் கதவைத் தட்டாமல்.

இலையை மேசையில் வைத்தவன் உமது தங்கையின் மகன் சுதன். ஜேர்மனியிலிருந்து வந்திருக்கிறான். "அன்ரி, பெரியம்மாவின்ரை வீட்டுத் திறப்பு உங்களிட்டைத்தானாம். நான் ரெண்டு கிழமை அங்கை தங்கலாமெண்டு வந்தனான்" என்றான். நல்ல முகம்தான். நல்ல முகத்தோடு வந்தவர்களை நாங்கள் இருவரும் எப்படிப் பார்க்கப் பழகினோம் என்று உமக்குத் தெரியும். கதிரையை இழுத்துக் கொடுத்தேன், தேத்தண்ணி ஊற்றினேன், உமது வீட்டுப் பூட்டின் திறப்பைக் கொடுக்கவில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். நீர் பிறவி ஐமிச்சக்காரி இல்லை. சந்தேகப்படுவது என்னுடைய சொத்து. சங்கக்கடைக் கந்தோரில் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்து வேலைசெய்த காலத்தில், தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறவள் நான். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர் நீர். "உமக்குச் சாமி வந்து நிண்டாலும் அடையாள அட்டை கேப்பீர்" என்பீர். அந்தச் சிரிப்புக்காரிதான் பிறகு என்னையே வாசலில் நிறுத்தி வைத்தார்.

எங்கள் புங்குடுதீவில் வீடுள்ளவர்களில் பலர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். திறப்புகள் மட்டும் ஊரில் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக உம்மிடம் வந்து சேர்ந்தன. நீர் கலியாணம் கட்டவில்லை, வெளிநாடு போகவில்லை, இனிப் போகவும் மாட்டீர் என்று ஊர் முடிவுகட்டியிருந்தது. மாதம் ஒருதரம் வீடு வீடாகப் போய் யன்னல்களைத் திறந்து காற்று விடுவீர், பாம்புச் செட்டை கிடந்தால் எடுத்து எறிவீர், திரும்பிப் பூட்டிவிட்டுக் கதவை இன்னொருமுறை தள்ளிப் பார்ப்பீர். யாரும் சொல்லித்தந்த பழக்கமில்லை, உமது கை அப்படி.

பிறகு, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் திறப்பைக் கேட்டு ஒரு மனிதன் வந்தான். வெள்ளைச் சேட்டு, கையில் தொதல் இனிப்புப் பெட்டி. "மச்சான் அனுப்பினவர், வீட்டைத் துப்புரவாக்க வந்தனான்" என்றான். வீட்டுக்காரர் பெயர், பிள்ளைகளின் பெயர், நாய் இருந்த காலத்தில் நாயின் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னான். நீர் திறப்பைக் கொடுத்தீர். அந்தக் கிழமை முடிவதற்குள் கதவு, யன்னல், ஓடு, கிணற்றுக் கப்பிவரை லொறியில் போய்விட்டன. வீட்டுக்காரி ரெலிபோனில் உம்மை ஏசவில்லை. "பரவாயில்லை அக்கா, ஆள் தெரியாமல் குடுத்திட்டியள்" என்று மட்டும் சொன்னா. அதன்பிறகு ஒருநாளும் உமக்கு ரெலிபோன் எடுக்கவில்லை.

"அவள் ஏசியிருந்தால் நான் ஆறியிருப்பன்" என்று என்னிடம் சொன்னீர். அன்று நீர் சாப்பிடவில்லை. வேறொன்றும் சொன்னீர்: "அவன் வரேக்கை படலையைச் சாத்தேல்லை. ஆடு வந்து என்ரை செவ்வரத்தையைத் திண்டது. அப்பவே நான் யோசிச்சிருக்கவேணும்." அன்றிலிருந்து உமது வீட்டுக்கு யார் வந்தாலும் நீர் முகத்தைப் பார்ப்பதில்லை, படலையைத்தான் பார்ப்பீர்.

களிப்பெட்டி அதற்கு முதலே வந்திருந்தது. உமது தங்கை விடுமுறையில் வந்து, விறாந்தையில் இருந்து தோடுகள் செய்து, போகும்போது பை பாரம் கூடிப்போய்ப் பெட்டியை விட்டுவிட்டுப் போனா. "தோடு செய்யிற வயசே எனக்கு?" என்று நீர் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினீர். கதவு யன்னல் போன பிறகு ஒருநாள் அதை இழுத்து எடுத்துக்கொண்டு என் குசினிக்கு வந்தீர். என்னிடம்தான் கேக் சுடும் சின்னப் போறணை இருந்தது.

"இதைப் பாரும்" என்றீர். வெளிர்ப்பச்சைக் களியைப் பிசைந்து, வாழைக்காய்த் தடிப்பில் ஒரு கட்டை உருட்டினீர். அதைச் சவர அலகால் சரிவாக நீளப்பாட்டில் நாலைந்து பலகையாக அரிந்து, ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் சோடாப்போத்தலால் தட்டையாக்கிய மஞ்சள் களியை வைத்துத் திரும்ப ஒட்டினீர். அந்த மஞ்சள்தான் நரம்பு. பிறகு முழுக்கட்டையையும் நடுவால் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்பி, இடையில் நடுநரம்பு வைத்து மூடினீர். கரும்பச்சையால் சுற்றி, ஒரு பக்கத்தைக் கிள்ளிக் கூராக்கினீர். அதற்குப் பிறகு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அமத்தி அமத்தி இழுக்க, கட்டை மெலிந்து ஒரு முழப் பொல்லாக நீண்டது. வெளியில் பார்த்தால் வெறும் பச்சைப் பொல்லு. பிறிட்ஜில் வைத்து இறுகினபின், பிசகிப்போன இரண்டு நுனியையும் வெட்டி எறிந்துவிட்டு ஒரு துண்டு அரிந்தீர். உள்ளே இலை இருந்தது.

"எங்கை வெட்டினாலும் அதே இலைதான். ஒண்டு திறப்பிலை கட்டுவம். மற்றது வீட்டுக்காரருக்குப் போகட்டும். இலை கொண்டுவராத ஆளுக்குத் திறப்பில்லை."

"வீட்டுக்காரரே வந்து நிண்டால்?"

"அவையும் இலையோடை வரட்டும்."

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொல்லு, ஒவ்வொரு பொல்லிலும் ஒவ்வொரு இடத்தில் வேண்டுமென்றே பாதியில் நிறுத்திய ஒரு நரம்பு. இரண்டு இலை வெட்டியதும் மிச்சப் பொல்லைப் பிசைந்து அழித்துவிடுவீர், மூன்றாவது இலை உலகத்தில் இருக்கக்கூடாது என்று. மாமரம் நிற்கும் வீட்டுக்கு மாவிலை கட்டலாமே என்றேன். "கள்ளனுக்கு நாங்களே வழி காட்டவோ?" என்று அந்த வீட்டுக்குப் பூவரசம் இலையைக் கட்டினீர். என் ஐமிச்சம் உம்மில் தொற்றி என்னைவிட உமக்குத்தான் முற்றியது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

என் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு நான் வவுனியா போன போது என் வீட்டுத் திறப்பையும் உம்மிடம் தந்தேன். அன்று நீர் செய்த பொல்லில் பிழை நேர்ந்தது. ஒரு பாதியைத் திருப்ப மறந்து ஒட்டிவிட்டீர். அரிந்து பார்த்தால் ஒரு பக்கத்து நரம்புகள் நுனியை நோக்கி மேலே போகின்றன, மற்றப் பக்கத்து நரம்புகள் காம்பை நோக்கிக் கீழே இறங்குகின்றன. கடவுள் அப்படி ஒரு இலை செய்ததில்லை. அதை எறிவீர் என்று பார்த்தேன்.

"இது உமக்கு" என்றீர்.

"ஊருக்கெல்லாம் நல்ல இலை, எனக்குக் கோணல் இலையோ?"

"இப்பிடி ஒண்டை இன்னொருத்தர் தெரிஞ்சு செய்யமாட்டினம். வைச்சிரும்."

எனக்கு அது பிடிக்கவேயில்லை. கைப்பைக்குள் எங்கேயோ போட்டேன். மகளும் பேரனும் தேறி, நான் பின்னேர பஸ்ஸில் பாலம் கடந்து களைத்து வந்து உமது வாசலில் நின்றபோது, நீர் கதவைப் பாதி திறந்துகொண்டு கேட்டீர்: "இலை எங்கை?"

முதலில் பகிடி என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், பகிடி இல்லை. "உமக்கு என்னைத் தெரியாதோ?" என்றேன். "தெரியும். இலை எங்கை?" உமது படியில் குந்தியிருந்து கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். சீப்பு, பஸ் ரிக்கற், பனடோல், பேரனின் ஒற்றைக் காலுறை எல்லாம் விழுந்தன. கடைசியில் கோயில் விபூதி மடித்த கடதாசிச் சரைக்குள் இலை அகப்பட்டது. நீர் அதை வாங்கி, திறப்பில் கட்டியிருந்த இலையோடு சேர்த்து, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தீர்.

"ஓம், நீர்தான்" என்றீர்.

அதற்குப் பிறகுதான் சிரித்தீர். திறப்பிலிருந்த இலையை அவிழ்த்து உமது மேசை லாச்சிக்குள் போட்டீர், திறப்பையும் என் இலையையும் என்னிடம் தந்தீர், இரவுச் சாப்பாடும் தந்தீர். நான் ஒரு கிழமை உம்மோடு சரியாகக் கதைக்கவில்லை.

நீர் ஆசுப்பத்திரிக்குப் போன காலை, ஓட்டோ படலையில் நிற்க, திறப்புக் கோர்வை முழுவதையும் என்னிடம் ஒப்படைத்தீர். பிறகு சேலைத்தலைப்பிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தீர். "இது என்ரை வீட்டுத் திறப்பு. இப்ப அவிழ்க்காதையும். ஆரும் இலையோடை வந்து கேட்டால் அவிழ்த்துப் பாரும். பொருந்தினால் அவையிட்டைக் குடும்."

"மற்ற இலையை ஆரிட்டைக் குடுத்தனீர்?"

"அதைச் சொன்னால் பிறகு பூட்டு என்னத்துக்கு?"

"எனக்கும் சொல்ல ஏலாதோ?"

நீர் தலையை ஆட்டிவிட்டு ஓட்டோவில் ஏறினீர். யாழ்ப்பாணத்திலேயே எல்லாம் முடிந்தது. காரியங்களையும் அங்கே உமது ஒன்றுவிட்ட அண்ணை வீட்டில் செய்தார்கள். இன்னும் ஆண்டுத் திவசம் வரவில்லை.

நான் இந்த மாதங்களை எப்படிக் கழித்தேன் என்று நினைக்கிறீர்? உம்மை நினைத்து அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழுத நேரத்தைவிட, அந்த இலை யாரிடம் இருக்கிறது என்று யோசித்த நேரம் கூட. அந்த ஒன்றுவிட்ட அண்ணையோ? அவர் உமது செத்தவீட்டில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தங்கையோ? கோயிலில் உம்மோடு பூக்கட்டும் அந்தப் பிள்ளையோ? கண்ட இடமெல்லாம் பெண்களின் காதுகளைப் பார்த்தேன், ஆண்களின் திறப்புக் கோர்வைகளைப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஒரே மேசையில் இருந்தவளை விட்டுவிட்டு நீர் வேறு யாரை நம்பினீர்? அதுதான் என்னை அரித்தது. முடிச்சை அவிழ்த்தால் இலையின் முகமாவது தெரிந்துவிடும். ஆனால் நீர் அவிழ்க்காதையும் என்றீர். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, அலுமாரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சுதன் மாவிலையோடு இருக்கிறான். "அம்மாவிட்டை இருந்தது. இதுதானோ தெரியாது. பொருத்திப் பாருங்கோவன்" என்றான். இலை வந்துவிட்டது, திறப்பைக் கேட்கிற ஆளும் வந்துவிட்டான். நீர் சொன்ன இரண்டும் சரி. முடிச்சை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

கோணல் இலை.

ஒரு பக்க நரம்பு மேலே, மறுபக்க நரம்பு கீழே. சோடி இலை வேறு யாரிடமும் இல்லை. அது என் கைப்பைக்குள், அதே விபூதிச் சரைக்குள் இருக்கிறது. அடுப்படியில் கையூன்றி நின்றேன். உமது தங்கையின் மாவிலை சுருவில் என்ற ஊரில் இடிந்து விழுந்துபோன அவவின் பழைய வீட்டுக்கானது. அதன் சோடி கோர்வையிலேயே தொங்குகிறது.

வெளியே வந்து, "தம்பி, இது பொருந்தேல்லை" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், மேசையிலிருந்த இலையைப் பார்த்தான், பிறகு சிரித்தான். "பெரியம்மா அப்பிடித்தானெண்டு அம்மா சொன்னவ. நான் இண்டைக்கு யாழ்ப்பாணத்திலை நிக்கிறன் அன்ரி, நாளைக்கு வாறன்." போகும்போது படலையைச் சாத்தினான். நாலடி போய், திரும்பி வந்து, சாத்திய படலையை இன்னொருமுறை தள்ளிப் பார்த்தான். உமது கை அப்படியே. ஆனாலும், தாய்க்காரி சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

அவன் போனபின் எனக்கு உம்மேல் ஐமிச்சம் வந்தது. மனுசி களைத்துப்போயிருப்பா, பச்சைக் களி முடிந்திருக்கும், லாச்சிக்குள் சும்மா கிடந்த இலையை எடுத்துக் கட்டியிருப்பா, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொன்னேன். அப்படி இருந்தால், இதை நம்பிக்கை என்று நினைத்து மகிழ்வது எவ்வளவு வெட்கம். பார்க்காமல் விட என்னால் ஏலாது. உமது வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். புழுங்கல் மணம். யன்னல்களைத் திறந்தேன். கட்டிலுக்குக் கீழே களிப்பெட்டி இருந்தது.

பெட்டிக்குள் வெளிர்ப்பச்சையில் ஒரு கட்டி, கரும்பச்சையில் ஒரு கட்டி, இரண்டும் உறை பிரிக்காமல். மஞ்சளும் இருந்தது. அலகு துடைத்து எண்ணெய் பூசிக் கடதாசியில் சுற்றியிருந்தது. புது இலை செய்ய உமக்கு எல்லாம் இருந்தது. செய்யவில்லை.

நாளைக்குச் சுதன் வந்தால் வீட்டைத் திறந்து விடுவேன், தங்கட்டும். திறப்பு என் மடியில் இருக்கும். அவனுக்கென்று ஒரு இலை செய்யப் பச்சை இருக்கிறது, ஆனால் அவசரமில்லை. படலையை இன்னும் சில தரம் சாத்தட்டும், பார்ப்போம்.

உமது கட்டிலில் இருந்தபடி கைப்பைக்குள் கையை விட்டு விபூதிச் சரையை எடுத்தேன். இரண்டு இலைகளையும் சேர்த்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உம்மைப்போலவே கண்ணைச் சுருக்கினேன். கண்ணீரில் நரம்பு சரியாகத் தெரியவில்லை. துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். சொல்ல நீர் இல்லாததால் நானே சொன்னேன்.

"ஓம், நீர்தான்."