பூச்சியத்துக்கும் ஓர் இலக்கம்

நோன்பு 9, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். கடற்பக்கம் காற்றே இல்லை. துவைக்க ஒரு குவியல். தொடவில்லை.

கொழும்புக் கம்பனி வேலைக்கு வைத்த பரீட்சைக் கேள்வி வந்துவிட்டது. சின்ன விசயம்தான். எண்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றிலும் எத்தனை இலக்கம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் பாவிக்கும் அணிமொழி என்ற கணினி மொழியில், லூப் இல்லாமல், ஒரே வரியில். இலட்சம் எண் வந்தாலும் திணறக் கூடாது.

இந்த மொழி எனக்குப் பிடித்துப்போனதே இதற்காகத்தான். ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கத் தேவையில்லை, முழு வரிசையிடமும் ஒரு தடவை சொன்னால் போதும்.

முதலில் எண்ணை எழுத்தாக்கி நீளம் பார்த்தேன். சரி, ஆனால் ஆமை. பிறகு மடக்கை. பத்தை அடியாக வைத்து மடக்கை எடுத்து, தசமத்தை வெட்டி, ஒன்றைக் கூட்டு:

1+⌊10⍟n

எவ்வளவு சின்னது! வீட்டுத்திட்டக் கதவிலக்கம், அடையாள அட்டை எண், கைக்குக் கிடைத்ததெல்லாம் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. அனுப்பியாச்சு.

என்னைக் கட்டிய மாப்பிள்ளை நஜீமிடம் சொன்னேன். "அப்ப இது கிடைச்சா நான் வேலைக்குக் கட்டார் போகத் தேவல்ல, என்ன?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பாஸ்போர்ட் மேசையில் கிடக்கிறது. ஏஜென்ட் வியாழன் மெடிக்கலுக்கு வரச் சொல்லியிருக்கிறான்.

சுனாமித் தண்ணீருக்குள் என் கையை விடாத மனுசன். அதற்குப் பிறகு ஓர் இரவும் பிரிந்து படுத்ததில்லை. நாட்டுச் சண்டையும் முடிந்த வருசத்திலா போவது? எனக்குத் துளியும் விருப்பமில்லை.

நோன்பு 10, செவ்வாய்

மூட்டம். கரண்ட் போய் வந்தது. தலையிடி.

கம்பனியின் பதில்: "விழுந்துவிட்டது. பூச்சியம் கொடுத்துப் பாருங்கள். நாளை பகலுக்குள் திருத்தலாம்."

கொடுத்தேன். ஒரு பூச்சியம், முழு வரிசையும் பிழை என்று நின்றது. பூச்சியத்துக்கு மடக்கை ஏது! கழித்தல் குறி போட்ட மறை எண்ணுக்கும் அதே கதி. கதவிலக்கத்தை வைத்துச் சோதித்த என் மூளையை என்ன சொல்ல? எந்த வீட்டுத்திட்டத்தில் பூச்சியமாம் இலக்க வீடு இருக்கிறது?

'பூச்சியம் என்றால் தனியாகப் பார்' என்று எழுதினேன். மூன்று வரி. அசிங்கம். அழுகை வந்தது.

நஜீம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு எங்கள் சட்டியோடு வந்தார். "கஞ்சிக்கு வெச்ச சட்டி வரிச இண்டைக்கு ரோட்டு வரைக்கும்."

"கஞ்சி எல்லாருக்கும் காணுமா இருந்திச்சா?"

"பெரிய சட்டிக்குக் குறைச்சித்தான் ஊத்தின. ஆனா எந்தச் சட்டிக்கும் ஒரு அகப்பைக்குக் குறையாம ஊத்துவம். வரிசையில வெச்ச சட்டி வெறுமையாப் போகப்படாது புள்ள."

ஒன்றுக்குக் குறையாமல்.

சட்டியை வாங்காமலே கம்பியூட்டருக்கு ஓடினேன். மடக்கைக்குள் போகுமுன் கழித்தல் குறியைக் கழற்று, ஒன்றோடு ஒப்பிட்டுப் பெரியதை எடு:

1+⌊10⍟1⌈|n

பூச்சியம் உள்ளே போகும்போதே ஒன்றாகிவிடுகிறது. ஒன்றுக்கு ஓர் இலக்கம். கூடியது மூன்றே குறி, அதே வேகம்.

"நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிட்டாங்க, வா புள்ள!" பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு அனுப்பினேன்.

நோன்பு 11, புதன்

எதிர்பாராத தூறல். உடுப்பெல்லாம் கொடியில். நனையட்டும்.

பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பதில். என்னை வேலைக்கு எடுத்துவிட்டார்கள். வீட்டிலிருந்தே வேலை. அல்ஹம்துலில்லாஹ். நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நஜீம் ஏஜென்ட்டுக்குப் போனில் கோல் எடுத்தார். "நான் வரல்ல... ஓம், யோசிச்சித்தான்... வேல கிடைச்சிட்டு... எனக்கில்ல, பொஞ்சாதிக்கு." அந்தக் கடைசிச் சொல்லை என்ன பெருமையாகச் சொன்னார்!

பாஸ்போர்ட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினேன். சிரித்தபடி பகிடிக்குத் திறப்பைக் கேட்டார். கொடுக்கவில்லை.