பந்தியில் எல்லாரும் இடக்கையால் சாப்பிட்டார்கள்

என் பிரியமான வசந்தாக்கா,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. உனக்கு எழுதும் முதல் கடிதத்தில் அழுகைதான் இருக்க வேண்டும். ஆனால் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்கிறாயா? ஒரு பட்டியலே இருக்கிறது. அதில் கொஞ்சம் உன் மேலும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரர், எங்கள் மாமா, நன்றாக இருக்கிறார். பட்டாபிராமில் உங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. உன் துளசிக்கு இப்போது உச்சி வெயில் மட்டும்தான். மாமா அந்தத் தொட்டியைத் தினமும் இடம் மாற்றி வைத்துக்கொண்டு, கட்டடக்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் வருஷ திதிக்கு அம்பத்தூரிலிருந்து காலை ரயிலிலேயே போய்விட்டேன். படையல் முடிந்து, வந்தவர்கள் கிளம்பியபின் மாமாவும் நானும் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்தோம். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறதே என்று மாமா டிவியில் அந்தப் படத்தைப் போட்டார். நீ ஓயாமல் பார்த்த பழைய சினிமாவை.

உனக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் கோடம்பாக்கத்தில் குரூப் டான்ஸ் ஆடியவள். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துபோனாள், உனக்கு அப்போது நாலு வயசு. சினிமாவில் ஆடியவள் என்று வெளியே தெரிந்தால் பெண்களுக்கு வரன் வராது என்று, அப்பா அவளுடைய போட்டோக்களை ஒன்று விடாமல் அடுப்பில் போட்டார். உனக்கு மிஞ்சியது சோறு பிசைந்து ஊட்டிய ஒரு கையின் ஞாபகம். எனக்கு அதுவும் இல்லை.

அம்மாவோடு ஆடிய புஷ்பம் அத்தையை எங்கெங்கோ விசாரித்து, பூந்தமல்லியில் அவள் மகள் வீட்டில் கண்டுபிடித்தாய். என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அவள் படத்தின் பெயரைச் சொன்னாள், பாட்டைச் சொன்னாள், பாதியைப் பாடியும் காட்டினாள். பிறகு உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தெரைல பாக்கச்சொல்லோ இடது கைப்பக்கம் மூணாவது ஆளு. அதான் உங்கம்மா. மாஸ்டரு அவள அங்கயேதான் நிக்க வெப்பாரு."

அப்புறம் நீ தேடாத இடம் இல்லை. கடைசியில் பழைய படங்களை இலவசமாகப் போடும் ஒரு சேனலில் அது கிடைத்தது. பெயர் போடும் இடத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, படத்தின் வலப்பக்கம் தன் சேனல் பெயரையும் போன் நம்பரையும் மஞ்சள் எழுத்தில் பெரிதாகப் போட்டிருந்தான். போகட்டும், பாட்டு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டோம். நேராகப் பாட்டுக்குத் தாவினாய். இடமிருந்து மூன்றாவது பெண், பெரிய கண்கள், முகவாயில் மச்சம். அப்படியே நிறுத்திவைத்துவிட்டு நீ அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அந்த முகத்தை ஆவடியில் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பொட்டு வைத்துக் கூடத்தில் மாட்டினாய். வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைத்தாய்.

அதற்குப் பிறகுதானே உனக்கு அந்தக் குறை வந்தது? ஒவ்வொரு தடவையும் படத்தைப் பார்ப்பாய், என்னைப் பார்ப்பாய். "எனக்கு அம்மா ஜாட துளிகூட இல்லடி. அந்தக் கண்ணு உனுக்குத்தான் வந்துகீது" என்பாய். உன் தெத்துப்பல் எந்த வம்சத்திலிருந்து வந்ததோ என்று அலுத்துக்கொள்வாய். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் உனக்குக் கடைசிவரை போகவில்லை.

திதியன்று என்ன நடந்தது என்றால், மாமாவுக்கு நேராகப் பாட்டுக்குத் தாவத் தெரியவில்லை. அதனால் படம் முதலிலிருந்து ஓடியது. நாம் யாரும் அதுவரை பார்த்தே இராத பகுதி. நான் ரசம் பிசைந்துகொண்டிருந்தேன். திரையில் கல்யாணப் பந்தி. வரிசையாக உட்கார்ந்து எல்லாரும் சாப்பிடுகிறார்கள். இடக்கையால்.

மாப்பிள்ளை இடக்கை. மாப்பிள்ளையின் அப்பா இடக்கை. சாஸ்திரிகள்கூட இடக்கையால் அப்பளம் நொறுக்குகிறார். மாமாவிடம் காட்டினேன். கேமராக்காரன் ஏதோ தமாஷ் பண்ணியிருப்பான் என்றார். அடுத்த காட்சியில் கல்யாணப்பெண் எழுந்து வந்தாள், முந்தானை வலது தோளில் கிடந்தது. அவளுக்குப் பின்னால் வந்த பெண்கள் எல்லாருக்கும் வலது தோளில். மாமாவும் சாப்பிடுவதை நிறுத்தினார்.

அந்தச் சேனல்காரன் படத்தையே இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறான், அக்கா. இடம் வலமாகி, வலம் இடமாகிவிட்டது. நாம் பூ வைத்துக் கும்பிட்டது புஷ்பம் அத்தை சொன்ன பெண்ணே இல்லை. அம்மா அந்த வரிசையின் மறுபக்கம் நின்றிருக்கிறாள். அந்தப் பக்கத்தில் அவன் பெயரும் நம்பரும். மஞ்சள் எழுத்து அவள் முகத்தின் மேலேயே ஓடுகிறது. நீ எத்தனை நூறு தடவை அந்தப் பாட்டைப் பார்த்திருப்பாய்? அத்தனை தடவையும் அம்மா அந்த எழுத்துக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தாள்.

அந்த நம்பருக்கே போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினான். திருப்பிப் போடாவிட்டால் வேறு யாராவது இது எங்கள் படம் என்று உரிமை கேட்டு, வீடியோவைத் தூக்கிவிடுவார்களாம். திருப்பிப் போட்டால் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியாதாம். எல்லாரும் செய்வதுதானாம். இது அறுபது வருஷம் தாண்டிய படம், சட்டப்படி இப்போது பொதுச்சொத்து, உனக்கும் எனக்கும் தெருவில் போகிறவனுக்கும் சொந்தமானதை எதற்காகத் திருட்டுப்பொருள் மாதிரி மாற்றிவைத்தாய் என்று கேட்டேன். அப்படி ஒரு சட்டம் இருப்பதே தனக்குத் தெரியாது என்றான். பிறகு சொன்னான்: "மேடம், ஃப்ரீயாத்தானே பாக்கறீங்க? இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்?"

இலவசம் என்றால் எப்படி வேண்டுமானாலும் போடலாமா? நம் அம்மா முகத்துக்குப் பதில் இன்னொரு முகத்தைக் கொடுக்கலாமா? நான் கேட்டதெல்லாம் இங்கே எழுத முடியாத வார்த்தைகளில். அவன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

அதற்கப்புறம் நானே தேட உட்கார்ந்தேன். முழுப்படம் என்று போட்டிருக்கும், பாதியில் நின்றுவிடும். ஒன்றில் படம் முழுக்க இருந்தது, பாட்டு ஒன்றுகூட இல்லை. இன்னொன்று இலவசம் என்று கூப்பிட்டுக் கார்டு நம்பர் கேட்டது. கடைசியில், காப்புரிமைக் காலம் முடிந்த படங்களை யாரும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவைத்திருக்கும் ஒரு தளத்தில் நம் படம் இருந்தது. கீறலும் புள்ளியுமாக, ஆனால் முழுசாக. யாரோ புண்ணியவான் தன் பெயரைக்கூடப் போடாமல் ஏற்றிவைத்திருக்கிறார். பந்தியில் எல்லாரும் வலக்கையால் சாப்பிட்டார்கள். பெயர் போடும் இடத்தில் அம்மாவைத் தேடினேன். "மற்றும் பலர்" என்று இருந்தது. அந்தக் கோபத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

பாட்டு வந்தது. பார்த்தேன். பார்த்ததைச் சொல்வதற்கு முன்னால் மாமா கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றிவிடலாம் என்று நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவர் விடவில்லை. "கௌரி, அவ அத்தினி வருசம் கும்புட்டுகினு இருந்த மூஞ்சிம்மா அது. யாரா இருந்தா இன்னா? நான் இருக்கிற வரிக்கும் அதுல கை வெக்காத" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம். யாரோ ஒருத்தியை அம்மா என்று எப்படி விட்டுவைப்பது? வாக்குவாதம் முற்றி, இரண்டு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். நிறுத்திவைத்த படத்தோடு போனை அவர் கையில் கொடுத்தேன். இடமிருந்து மூன்றாவது பெண். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னாம்மா," என்றார், "இது நம்ம வசந்தாவாச்சே."

ஆமாம் அக்கா. அச்சு அசல் நீ. அதே சின்னக் கண்கள், அதே நெற்றி. பாட்டு முடிகிற இடத்தில் அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறாள், அதே தெத்துப்பல். அவள் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

இப்போது உன் மேல் இருக்கும் கோபத்தைச் சொல்கிறேன். இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்கக் கூடாதா நீ? ஜாடை இல்லை, ஜாடை இல்லை என்று புலம்பியே போய்விட்டாயே. அம்மாவைப் பார்க்க உனக்கு எந்தப் படமும் வேண்டியிருக்கவில்லை. பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்று, கையை எடுத்துவிட்டு ஒரு தடவை சிரித்திருந்தால் போதும்.

அம்மா படத்துக்கு மாமாவே சட்டம் போட்டு வந்து உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். மச்சக்காரியையும் இறக்கவில்லை, அதற்கு நானும் சம்மதித்துவிட்டேன். அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம், எங்கேயோ உட்கார்ந்து அந்தப் பாட்டில் தப்பான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தப் படத்தை நேர்ப்பக்கமாக, ஒரு காட்சியும் வெட்டாமல், ஒரு எழுத்தும் மேலே போடாமல், எல்லாரும் பார்க்கிற இடத்தில் நானே ஏற்றுவேன். யாராவது உரிமை கேட்டு இறக்கினால் சண்டை போட்டு மறுபடி ஏற்றுவேன். அதன் கீழே எழுதிவைப்பேன்: இடமிருந்து மூன்றாவது எங்கள் அம்மா. வலமிருந்து மூன்றாவது, முகவாயில் மச்சம் உள்ளவர், உங்கள் அம்மாவாக இருந்தால் பட்டாபிராமுக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவருக்குப் பூ வைத்திருக்கிறோம்.

அப்பா ஜாடையில் பிறந்த உன் தங்கை,
கௌரி